மெல்லிய நரம்பு, பெரிய தொகை

பாஸ் மீன் பிடிப்பது அமெரிக்காவில் பொழுதுபோக்கு மட்டுமல்ல, சிலருக்குப் பிழைப்பும்கூட. 2025இல் நடந்த பாஸ்மாஸ்டர் கிளாசிக் போட்டியின் முதல் பரிசு 3 லட்சம் டாலர். ஒரு நாளில் பிடித்தவற்றில் அதிக எடையுள்ள ஐந்து மீன்கள்தான் கணக்கில் சேரும். அதில் ஒன்று நரம்பை அறுத்துக்கொண்டு போனால் பரிசும் கூடவே போகலாம். நரம்பைக் கண்டு மிரண்டு மீன் இரையையே தொடாவிட்டாலும் அதே கதிதான்.

இந்த இரண்டு பயங்களுக்கும் நடுவே வளர்ந்ததுதான் 'ஃபினெஸ்' முறை. தெளிந்த தண்ணீர், தூண்டில்காரர்களைப் பார்த்துப் பார்த்து உஷாராகிவிட்ட மீன்கள். கலிபோர்னியாவின் நீர்த்தேக்கங்களிலும் ஜப்பானின் ஏரிகளிலும் இதுதான் நிலைமை. அங்கே கட்டைவிரல் தடிமன் இரை எடுபடாது. விரல் நீள பிளாஸ்டிக் புழு, சில கிராம் ஈயம், மெல்லிய நரம்பு, பொறுமை. 1990களின் இறுதியில் ஜப்பானிலிருந்து அமெரிக்காவுக்குப் பரவிய 'டிராப் ஷாட்' இதற்கு நல்ல உதாரணம்: நரம்பின் நுனியில் ஈயம் தரையைத் தொட்டிருக்க, அதற்குச் சற்று மேலே கட்டிய முள்ளில் புழு நின்ற இடத்திலேயே நெளியும்.

எத்தனை பவுண்டு நரம்பு என்பதுதான் கேள்வி. பெரும்பாலோர் நிற்பது 6 அல்லது 8 பவுண்டில். 6 பவுண்டு என்றால் சுமார் 2.7 கிலோ. அதைவிடக் கனமான மீன் மாட்டினால்? பயமில்லை. தண்ணீருக்குள் இருக்கும் மீனுக்குத் தூக்கும்படியான எடை கிடையாது. அதன் இழுப்புதான் பிரச்சினை. ரீலின் பிரேக்கை நரம்பின் பலத்தில் கால் முதல் மூன்றில் ஒரு பங்குக்கு வைத்துவிட்டால், அதாவது 700 முதல் 900 கிராமுக்கு, மீன் வெறிகொண்டு ஓடும்போது நரம்பு அறுவதற்கு முன்பே ரீல் விட்டுக்கொடுத்துவிடும்.

சரி, 12 பவுண்டே போட்டுவிட்டால் என்ன? மீன் பார்த்துவிடும் என்பது பாதிக் காரணம்தான். தடித்த நரம்பைத் தண்ணீர் அதிகமாக இழுக்கும்; 3 கிராம் ஈயம் தரைக்குப் போவதற்குள் படகு நகர்ந்திருக்கும். புழுவும் விறைத்துப்போகும். சிறிய ஸ்பின்னிங் ரீலிலிருந்து வளையம் வளையமாகத் துள்ளி விழுந்து சிக்காகும்.

நரம்பின் சரக்கும் முக்கியம். நைலான் நீளும், மெதுவாகத்தான் மூழ்கும். ஜப்பானில் 1971இல் தூண்டிலுக்கு வந்த ஃபுளோரோகார்பனின் அடர்த்தி 1.78; எனவே விரைவில் மூழ்கும். அதன் ஒளிவிலகல் எண் 1.42. தண்ணீருக்கு 1.33, நைலானுக்கு 1.53 என்பதால், 'கண்ணுக்கே தெரியாது' என்ற விளம்பரத்தில் கொஞ்சம் உண்மை உண்டு. முழு உண்மை இல்லை. பாலிஎதிலீன் இழைகளைப் பின்னிய 'பிரெய்டு' மிக மெல்லியது, நீளவே நீளாது, ஆனால் மிதக்கும், பளிச்சென்று தெரியும். அதனால் இன்று பலரும் ரீலில் 10 பவுண்டு பிரெய்டைச் சுற்றி, நுனியில் இரண்டு மூன்று மீட்டருக்கு ஃபுளோரோகார்பனை முடிந்துகொள்கிறார்கள்.

இந்தக் கணக்கையெல்லாம் குழப்பிவிட்ட ஏரி ஒன்று உண்டு. அமெரிக்க, கனடா எல்லையிலுள்ள செயின்ட் கிளேர் ஏரியில் 1988இல் ஓர் அந்நியச் சிப்பி கண்டுபிடிக்கப்பட்டது. ஐரோப்பாவிலிருந்து கப்பல்களின் அடித்தொட்டி நீரில் வந்திறங்கிய வரிக்குதிரைச் சிப்பி. தண்ணீரை வடிகட்டித் தின்னும் இவை பெருகப் பெருக ஏரி தெளிந்தது. தெளிந்த நீரில் ஸ்மால்மவுத் பாஸுக்கு மெல்லிய நரம்புதான் சரி. ஆனால் தரையெங்கும் ஒட்டிக்கொண்டிருக்கும் அதே சிப்பிகளின் ஓடு கத்தி மாதிரி. மீன் அடிமட்டத்தில் ஓடி நரம்பை ஓட்டில் உரசினால் 6 பவுண்டு தாங்காது. ஆகவே இங்கே நுனி நரம்பை 8, சில சமயம் 10 பவுண்டுக்கு ஏற்றுகிறார்கள். மீன் சற்றுக் குறைவாகக் கடித்தாலும், கடித்தது படகுக்கு வரட்டும் என்று.

4 பவுண்டுக்கு இறங்குகிற சூரர்களும் இருக்கிறார்கள். திறந்த நீரில், குளிர்காலத்தில் அது நடக்கும். கோடையில் அது மீனுக்கு ஆகாது. போராட்டம் நீள நீள மீன் களைத்து, வெதுவெதுப்பான நீரில் மீளாமல் போகலாம். பிடித்ததை உயிரோடு ஏரியில் விடும் பழக்கத்தை ரே ஸ்காட் 1972இல் போட்டிகளுக்குக் கொண்டுவந்தார். எடைபோடும் மேடைக்குச் செத்து வரும் மீனுக்கு எடையில் பிடித்தம் உண்டு.

எந்தப் பவுண்டானாலும் முடிச்சில்தான் முதலில் அறும். ஃபுளோரோகார்பனை இறுக்கும்முன் எச்சிலால் நனைக்காவிட்டால் உரசும் சூட்டிலேயே பலம் போய்விடும். அனுபவசாலிகள் ஒவ்வொரு மீனுக்குப் பிறகும் கடைசி ஒரு மீட்டரை விரல் நடுவே உருவிப் பார்க்கிறார்கள். சொரசொரப்பு தட்டினால், மீன் கடித்துக்கொண்டிருக்கும் நேரமே ஆனாலும், அதை வெட்டி எறிந்துவிட்டு மறுபடி கட்டுகிறார்கள்.