விழுந்தவர் அவர், தவறியவர் யார்?

'மாடியிலிருந்து தவறி விழுந்து கட்டடத் தொழிலாளி சாவு.' செய்தித்தாளின் ஒரு மூலையில் நான்கு வரியில் இச்செய்தி வரும். படிப்போம், 'அந்தோ!' என்போம், அடுத்த பக்கத்தைப் புரட்டுவோம். விழுந்தவர் பெயர் மறுநாள் நம் நினைவில் இராது. ஊர் மாறும், மாடி மாறும், பெயர் மாறும். 'தவறி விழுந்து' என்னும் அவ்விரு சொற்கள் மட்டும் மாறுவதேயில்லை.

ஒரு சொல்லின் வேர் எது, அதை நம்மேல் ஏற்றியவர் யார் என்று துருவித் துருவிப் பார்க்கும் நாம், இவ்விரு சொற்களையும் சற்றே நிறுத்திப் பார்ப்போமாக. தவறுதல் என்பது பிழை செய்தல். செய்ய வேண்டியதைச் செய்யாது விடுதல். 'தவறி விழுந்தார்' என்னும்போதே பிழை விழுந்தவருடையது என்று தீர்ப்பெழுதி விடுகிறோம். உசாவல் இல்லை, சான்று இல்லை, மறுமொழி சொல்ல அவர் உயிரோடும் இல்லை. 'விபத்து' என்னும் வடசொல்லை விலக்கி 'நேர்ச்சி' என்று நாம் எழுதுகிறோம். நன்று. ஆயினும் 'நேர்ந்தது' என்பதும், தானே நிகழ்ந்தது என்னும் பொருளையன்றோ தருகிறது? தடுப்பு வைக்கப்படாத மாடி விளிம்பிலிருந்து ஒருவர் விழுவது தானே நேர்வதன்று, நேருமாறு விடப்படுவது. நல்ல தமிழ்ச் சொல்லாலும் ஒரு பொய்யைச் சொல்ல முடியும் என்பதை நாம் மறத்தலாகாது.

மூன்று மாடி உயரம், அதாவது ஏறத்தாழ 33 அடி, என்று கொள்வோம். அங்கிருந்து விழும் உடல் தரையைத் தொட ஒன்றரை நொடியும் ஆகாது. தொடும்போது அதன் விரைவு மணிக்கு 50 கிலோமீட்டர் அளவினது. எதையேனும் பற்றலாம் என எண்ணி முடிப்பதற்குள் எல்லாம் முடிந்துவிடும். விழத் தொடங்கியபின் தன்னைத் தானே காத்துக்கொள்ள மாந்தனால் இயலாது. முன்னரே கட்டிய தடுப்போ, விரித்து வைத்த வலையோ, இடுப்பில் பூட்டிய காப்புக் கயிறோதான் அவனைக் காக்க வல்லது.

'விழிப்பாக இருந்திருக்க வேண்டும்' என்பார் உளர். தலையில் சும்மாடும் அதன்மேல் கலவைச் சட்டியுமாகக் காலையிலிருந்து பொழுது சாயும் வரை ஒரு சித்தாள் அந்தப் பலகைமேல் எத்தனை முறை நடக்கிறாள் என்று எண்ணியவர் உண்டா? ஒவ்வோர் அடியையும் பிழையாது எடுத்து வைக்க அவள் பொறியல்லள். நண்பகல் வெயிலில் கண் இருளும். பசியில் கால் தளரும். வீட்டில் விட்டுவந்த பிள்ளையின் காய்ச்சல் நெஞ்சில் நிற்கும். விழிப்பு களைத்துப் போகும். தடுப்புக் கழி களைப்பதில்லை. மாந்தர் ஒருகால் பிழைபடுவர் என்பதை முன்னரே எண்ணி, அப்பிழை உயிரைக் கொள்ளாதவாறு இடத்தை அமைப்பதே பாதுகாப்பு. பிழையே செய்யாதீர் என்று கட்டளையிடுவது பாதுகாப்பன்று. பழியை முன்கூட்டியே அவர் தலையில் ஏற்றி வைப்பது.

செய்ய வேண்டியவை அரியனவும் அல்ல. மாடி விளிம்பு, படிக்கட்டின் திறந்த பக்கம், மின்தூக்கிக்கென விடப்பட்ட குழி ஆகிய இடங்களில் இடுப்பளவுக்கு மேல், ஏறத்தாழ ஒரு மீட்டர் உயரத்தில் உறுதியான தடுப்பு வேண்டும். அதற்கும் தளத்திற்கும் நடுவே இன்னொரு கழி வேண்டும். கருவியோ செங்கல்லோ உருண்டு கீழே நிற்பார் தலையில் விழாதிருக்க விளிம்பின் அடியில் ஒரு பலகை வேண்டும். தளத்தில் விட்ட துளைகளை அசையாத மூடியால் மூட வேண்டும். சாக்கை விரித்து மறைப்பது திறந்த துளையினும் கொடிது. சாரம் சுவரோடு பிணைக்கப்பட வேண்டும். பலகைகள் இடைவெளியின்றிப் பரப்பிக் கட்டப்பட வேண்டும். மழைக்கும் காற்றுக்கும் பின் ஒவ்வொரு கட்டையும், தொழிலறிந்த ஒருவர் பார்த்தபிறகே ஆள் ஏற வேண்டும். ஏணி, நான்கடி உயரத்திற்கு ஓரடி என்னும் சாய்வில் நிற்பதோடு, ஏறிச் சேரும் இடத்திற்கு மேலும் மூன்றடி நீண்டிருக்க வேண்டும்.

உயரம் மட்டுமன்று, பள்ளமும் கொல்லும். நீளம், அகலம், ஆழம் மூன்றும் ஒரு மீட்டர் கொண்ட மண்கட்டி ஏறத்தாழ 1,500 கிலோ எடையுள்ளது. சரிந்த மண்ணில் மார்பளவு புதைந்தவர்கூட மூச்சுவிட இயலாது மாள்வர். ஒன்றரை மீட்டருக்கு மேல் ஆழ்ந்த பள்ளத்திற்கு இருபுறமும் பலகையிட்டு முட்டுக் கொடுக்க வேண்டும். அல்லது பக்கங்களைச் சரிவாக வெட்ட வேண்டும். தோண்டிய மண்ணைப் பள்ளத்தின் விளிம்பிலேயே குவித்தலும் ஆகாது.

கற்காரைத் தளத்தின் கதையும் இதுவே. ஆறங்குலத் தளம் ஒரு சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 375 கிலோ எடையுள்ளது. அது இறுகித் தன்னைத் தானே தாங்கும் வரை அதைத் தாங்குவன, 'சென்ட்ரிங்' என்று தொழிலாளர் வழங்கும் அடைப்புப் பலகைகளும் அவற்றின்கீழ் நிற்கும் முட்டுகளுமே. வழக்கமான பைஞ்சுதை கொண்டு கட்டும்போது, நாலரை மீட்டர் வரை அகன்ற தளத்திற்கு 7 நாளும், அதனினும் அகன்றதற்கு 14 நாளும், ஆறு மீட்டருக்கு மேல் நீண்ட உத்தரத்திற்கு 21 நாளும் ஆகுமுன் முட்டுகளை நீக்கலாகாது என்பது இந்தியச் செந்தரம் 456 வகுத்த நெறி. அடுத்த வீட்டிற்குப் பலகை வேண்டுமென்று ஐந்தாம் நாளே முட்டைத் தட்டி எடுப்பவர் இந்நெறியை அறியாதவரல்லர். பலகை வாடகையை மிக நன்றாக அறிந்தவர்.

சென்னையை அடுத்த மௌலிவாக்கத்தில், 2014 சூன் 28 அன்று, கட்டப்பட்டு வந்த பதினொரு மாடிக் கட்டடம் சரிந்து 61 பேர் மாண்டனர். தமிழரும், ஆந்திரம், ஒடிசா முதலிய இடங்களிலிருந்து பிழைக்க வந்தோரும் அவருள் இருந்தனர். மழையும் இடியுமே கரணியம் என்று தொடக்கத்தில் பேசப்பட்டது. வானத்தின்மேல் பழி போட்டால் வழக்குத் தொடுக்க முடியாதன்றோ! அதன் அருகில் நின்ற இணைக் கட்டடமும் நம்பத் தகாததாகி, 2016 நவம்பர் 2 அன்று வெடிவைத்துத் தகர்க்கப்பட்டது. அந்த 61 பேரும் எங்கே தவறினர்? எதிலிருந்தும் அவர்கள் விழவில்லை. கட்டடமே அவர்கள்மேல் விழுந்தது.

சட்டம் இல்லையா என்பீர். உண்டு. உடலுழைப்புத் தொழிலாளர்க்கெனத் தமிழ்நாட்டில் 1982-இலேயே சட்டம் இயற்றப்பட்டது. அதன்கீழ் 1994-இல் கட்டுமானத் தொழிலாளர் நலவாரியம் அமைந்தது. 1996-இல் இந்திய நாடாளுமன்றம் கட்டடத் தொழிலாளரின் பணிநிலை, பாதுகாப்பு பற்றித் தனிச்சட்டமே செய்தது. கட்டுமானச் செலவில் நூற்றுக்கொரு பங்கு தொழிலாளர் நலத்திற்கெனப் பெறப்பட்டது. 2020-இல் இயற்றப்பட்ட பணியிடப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டத்துள் 1996-ஆம் ஆண்டுச் சட்டமும் அடக்கப்பட்டது. ஆனால், பழைய சட்டமும் புதிய தொகுப்பும் பதின்மருக்குக் குறையாது வேலை செய்யும் இடத்தையே கணக்கில் கொண்டன. எண்மர் கட்டும் வீடு அவ்வேலிக்கு வெளியே நிற்கிறது. இறந்தபின் கிடைக்கும் உதவித்தொகை குடும்பத்திற்குத் தேவையானதே; ஆயினும் அது பாதுகாப்பு ஆகாது. பிணத்திற்கு விலை வைத்தல் உயிர்க்குக் காவல் வைத்தலாகுமா?

வேலிக்கு வெளியே நிற்கும் அவ்வீடு யாருடையது? அன்பர்களே, அது நம்முடையது. ஆசிரியர், எழுத்தர், சிறுவணிகர் என வாழும் நாம் வாழ்நாள் சேமிப்பைக் கொட்டிக் கட்டும் வீடு. அங்கே ஆய்வாளர் வரார். பாதுகாப்பு அலுவலர் இரார். வீட்டுக்காரரின் மனச்சான்று ஒன்றே அங்குச் சட்டம்.

இக்குற்றத்திற்கு யானும் விலக்கல்லேன். சில ஆண்டுகளுக்கு முன் என் சிறு வீட்டைக் கட்டுவித்தபோது, கதவுக்கு எந்த மரம், தரைக்கு எந்தக் கல் என்று நாள்தோறும் ஒப்பந்தக்காரரோடு வழக்காடினேன். சாரத்தை ஒருநாளும் ஏறிட்டுப் பார்த்திலேன். ஒரு மாலை மேற்பூச்சு நடக்கையில் பலகை முறிந்தது. முதிய கொத்தனார் சவுக்குக் கழியைப் பற்றித் தொங்கி உயிர் தப்பினார். ஓடிச் சென்று நான் கேட்ட முதற்கேள்வி, 'பார்த்து ஏறக் கூடாதா?' என்பதே. மூச்சு வாங்க அமர்ந்திருந்தவர் சொன்னார்: 'நான் பார்த்துத்தான் ஏறினேன், ஐயா. பலகையை யார் பார்த்தது?'

அக்கேள்விக்கு அன்று என்னிடம் விடையில்லை. அவர் விழுந்திருந்தால் நானும் 'தவறி விழுந்தார்' என்றே எழுதிக் கொடுத்திருப்பேன். தூய தமிழில் வீட்டிற்குப் பெயர் சூட்டினேன். புதுமனை புகுவிழா அழைப்பில் ஓர் அயற்சொல் வாராது காத்தேன். அவ்வீட்டைக் கட்டியவர் தலைக்கு ஒரு தலைக்காப்பு வாங்கித் தந்திலேன். எழுத்தில் களை எடுப்பவனுக்குத் தன் வாயிலில் நிற்கும் உளுத்த பலகை கண்ணில் படவில்லை!

மொழிக்கும் இதில் பங்குண்டு. பெரிய கட்டட இடங்கள் பலவற்றில் எச்சரிக்கைப் பலகை ஆங்கிலத்தில் பளிச்சிடக் காண்கிறோம். யார் படிக்க? சாரத்தில் ஏறுவோர் படிக்க அன்று. பார்வையிட வருவோர் படிக்க. மின் ஓடும் கம்பியின் அருகே நிற்பவனுக்கு, அயல்மொழிச் சொல்லைத் தன் மொழியில் பெயர்த்து, பொருள் அறிந்து, அதன்பின் அஞ்சிக் கையை எடுக்க நேரம் இராது. சிங்கப்பூருக்குக் கட்டட வேலைக்குச் செல்வோர் பாதுகாப்புப் பயிற்சி முடித்தாக வேண்டும். அப்பயிற்சி அங்கே தமிழிலும் தரப்படுகிறது. கடல் கடந்த இடத்தில் தமிழனுக்குக் கிடைக்கும் சொல், தமிழ் மண்ணில் அவனுக்குக் கிடைக்க வேண்டாவா?

அதே அறத்தைப் பிறர்க்கும் நாம் மறுத்தலாகாது. ஒடியாவும் வங்கமும் பேசுவோர் இன்று நம் ஊர்ச் சாரங்களில் நிற்கின்றனர். அவர்தம் வரவைப்பற்றி நம் இயக்கத்தார்க்குப் பல கருத்துகள் இருக்கலாம். அவற்றைப் பேசுமிடம் வேறு. சாரத்தின்மேல் நிற்பவன் ஒரு தாயின் மகன். தாய்மொழியே உயிர் என்று முழங்கும் நாம், ஒடியனை ஒடியாவில் எச்சரிக்க மறுப்போமாயின் நம் கொள்கையை நாமே பொய்யாக்கியவராவோம். எச்சரிக்கை தமிழில் முதலில் இருக்கட்டும். உடனே அடுத்து, அங்கே வேலை செய்வோர் மொழி எதுவோ அதிலும் இருக்கட்டும். எழுத்தறியாதார்க்குப் படமும் வாய்ச்சொல்லும் இருக்கட்டும்.

தொழிலாளர்க்கெனப் பாதுகாப்புக் குறுநூல் எழுத முன்வரும் நம் அன்பர்க்கும் ஒரு சொல். அறையில் அமர்ந்து புதுச்சொல் புனையுமுன் கட்டட இடத்திற்குப் போங்கள். சாரம், முட்டு, வாணம், கடைக்கால், தூக்குக்குண்டு, சும்மாடு என நூற்றுக்கணக்கான சொற்களைக் கொத்தனாரும் சித்தாளும் நாவில் காத்து வைத்துள்ளனர். அவர்களுக்கு விளங்காத சொல், எத்துணைத் தூயதாயினும், அந்த ஆங்கிலப் பலகையைப் போன்றதே, உயிர் காவாது.

ஆகவே வீடு கட்டப் புகும் ஒவ்வொருவரும் ஒப்பந்தத்தில் சாரம், தடுப்பு, தலைக்காப்பு, காப்புக் கயிறு, குடிநீர், நிழல் ஆகியவற்றிற்கெனத் தனிவரி எழுதி அதற்குத் தனியே பணம் கொடுங்கள். அவ்வரியில் மட்டும் பேரம் பேசாதீர்கள். வேலை செய்வோர் நலவாரியத்தில் பதிந்துள்ளனரா என்று கேளுங்கள். இல்லையெனில் பதிய உதவுங்கள். ஏற அஞ்சும் ஆளை 'கோழை' என எள்ளாதீர்கள்; அவருடைய அச்சமே அவ்விடத்தின் முதல் எச்சரிக்கை. செய்தி எழுதும் தோழர்களே, 'தவறி விழுந்தார்' என்பதை இனி எழுதாதீர்கள். தடுப்பு இருந்ததா, பலகை கட்டப்பட்டிருந்ததா, காப்புக் கயிறு தரப்பட்டதா என்று கேட்டு, 'தடுப்பில்லாத மாடியிலிருந்து விழுந்தார்' என்று எழுதுங்கள். ஒரு சொல் கூடும், உண்மை வெளிவரும்.

நாளை உங்கள் தெருவில் ஒரு சாரம் எழும். கடந்து போகுமுன் ஒரு மணித்துளி நின்று அண்ணாந்து பாருங்கள். பலகையை யாரேனும் ஒருவர் பார்த்தாக வேண்டும்.