மணியோசை கேட்கும் முன்னே

குமரிமுனைக்கு வடகிழக்கே, கடலை நோக்கி நிற்கிறது வட்டக்கோட்டை. பெயரில்தான் வட்டம், வடிவிலே நாற்கோணம்! 18ஆம் நூற்றாண்டில் மார்த்தாண்டவர்மர் காலத்தில், டிலனாய் என்பானின் மேற்பார்வையில் கருங்கல் அடுக்கி எழுப்பிய மதில் அது. டச்சுக் கம்பெனியின் தளபதியாக வந்து, 1741இல் குளச்சல் போரில் சிறைப்பட்டவன், தன்னைச் சிறைபிடித்த மன்னனுக்கே கோட்டை கட்டித் தந்தான்! எதிரி வந்த பின் மதில் எழுப்ப இயலாது என்பதை அந்த மன்னன் அறிந்திருந்தான். அரண்மனைக்கு அவ்வறிவு இருந்தது. மதிலுக்கு வெளியே வலை உலர்த்துவோனுக்கும், தும்பு அடிக்கும் தாய்க்கும், ஓலைக் கீற்றின்கீழ் உறங்கும் குழந்தைக்கும் இன்று அரண் யாது?

தீயணைப்பு நிலையம் உண்டே, 101ஐ அழைத்தால் வண்டி வருமே என்பர். வரும், மறுக்கவில்லை. தன் உயிரைப் பணயம் வைத்துப் பிறர் உயிரை மீட்கும் அப்படையினரை வணங்குகிறோம். ஆனால் ஆனி, ஆடிக் கச்சான் காற்று வீசும்போது கூரையில் விழுந்த பொறி, மணியோசை கேட்கும் வரை காத்திருக்குமா? அந்த முதற் சில நிமிடங்கள் அங்கே நிற்கும் மக்களுடையவை. என்ன செய்வதென்று அவர்களுக்கு யார் சொல்லிக் கொடுத்தது?

2004ஆம் ஆண்டை எண்ணிப் பாருங்கள், தோழர்களே! சனவரி 23, திருவரங்கம்: மணவிழாவின் கூரைப் பந்தலில் தீ, மணமகன் உள்ளிட்ட ஐம்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். சூலை 16, கும்பகோணம்: பள்ளிச் சமையற்கூடத்துத் தீ ஓலைக் கூரைக்குத் தாவிற்று, 94 பிஞ்சுகள் கருகின. இரண்டும் காவிரிக் கரை ஊர்கள். மேற்கே எரிந்த கூரையின் பாடத்தைக் கிழக்கே கொண்டு சேர்க்க ஆறு மாதம் போதவில்லையா? பின்னர் நீதிபதி சம்பத் ஆணையம் அமைந்தது. பள்ளிக் கூரைகள் இறக்கப்பட்டன. நன்று. குடந்தைக் கூரை மட்டும் எரியுமுன் இறங்கவில்லையே!

அதே ஆண்டு டிசம்பர் 26இல் ஆழிப்பேரலை நம் கரைக்கே வந்தது; மணக்குடிப் பாலம் தகர்ந்தது. கடல் உள்வாங்கினால் மேட்டுக்கு ஓடு என்ற ஒரு வரி குப்பந்தோறும் தெரிந்திருந்தால் எத்தனை உயிர் தப்பியிருக்குமோ!

ஆண்டுதோறும் ஏப்ரல் 14 முதல் 20 வரை தீத்தொண்டு வாரம். 1944இல் அந்நாளில் பம்பாய்த் துறைமுகத்தில் பஞ்சுப் பொதியும் வெடிமருந்தும் ஒன்றாய் ஏற்றிய கப்பல் வெடித்து, தீயணைக்கச் சென்ற 66 வீரர் மடிந்தனர். அவர்களை நினைப்பது கடமை. ஆயினும் ஒன்று கேட்போம்: சித்திரை முதல் நாளில் தொடங்கும் அந்த வாரம், தேர்வும் விடுமுறையும் சூழ்ந்த வாரம் அன்றோ? பிள்ளை வகுப்பில் இல்லாத நேரத்தில் பாடம் எவருக்கு? துண்டறிக்கை கொடுத்தோம், ஒத்திகை காட்டினோம் என்று ஏடுகளில் எழுதிக்கொள்ள அவ்வாரம் போதும். ஊர் கற்க ஆண்டு முழுதும் வேண்டும். கடற்கரைக் குப்பத்திற்கும் தும்பு ஆலைக்கும் முந்திரி ஆலைக்கும் நிலையத்தார் முறைவைத்து வரவேண்டும். அதற்கான ஆளும் பொருளும் அரசு தரவேண்டும். இக்கோரிக்கையை நாம் கைவிடமாட்டோம்.

கற்க வேண்டியதோ மலையன்று. நேந்திரங்காய் வறுக்கும் சட்டியில் எண்ணெய் பற்றினால் நீர் ஊற்றாதே. அடுப்பை அணைத்து மூடியால் மூடு. எரிவாயு கசிந்த வாடை வந்தால் விளக்கின் விசையைத் தொடாதே; சிலிண்டரின் ரெகுலேட்டரை மூடி, கதவு சன்னலைத் திற. ஆடையில் தீப்பற்றினால் ஓடாதே, தரையில் புரள். புகை சூழ்ந்தால் தாழ்ந்து தவழ். வள்ளத்து எஞ்சினுக்கான மண்ணெண்ணெயை அடுப்படியில் வைக்காதே. இத்தனையும் ஒரு மாலைப் பொழுதுக்குள் கற்கலாம். ஆனால் காதால் கேட்டது பதற்றத்தில் மறக்கும், கையால் செய்து பார்த்ததே நினைவில் நிற்கும்.

ஆகவே வட்டக்கோட்டை, அஞ்சுகிராமம் பகுதித் தோழர்கள் தீயணைப்பு நிலைய அலுவலருக்கு எழுதட்டும். நம் படிப்பகத்து முற்றம் இருக்கிறது. கடலுக்குச் சென்றவர் கரை திரும்பி, பெண்டிர் வேலை முடித்து வரும் நேரம் பார்த்து நாள் குறியுங்கள். மேடை வேண்டாம், மாலை வேண்டாம். ஒரு சட்டி எண்ணெய், ஒரு மூடி, ஓர் ஈரச்சாக்கு போதும். முன்வரிசையில் கிளைச் செயலாளர் அமர வேண்டியதில்லை. அடுப்படியில் நிற்பவரை அங்கே அமர்த்துங்கள்.