தாகத்தின் நாட்டில் விருந்தினர்



பாலைவனம் என்றதும் உயிரற்ற மணற்பரப்பே நம் மனக்கண்முன் தோன்றும். தென் ஆப்பிரிக்கப் பகுதியில் விரிந்துகிடக்கும் கலஹாரிப் பாலைவனமோ அவ்வெண்ணத்தைப் பொய்யாக்குகிறது. அங்குள்ள கலகாடிப் பூங்காவின் பெயருக்குத் தாகமுள்ள இடம் என்று பொருள் கூறுவர். அத்தாகத்தின் நடுவிலும் கருநிறப் பிடரியுடைய சிங்கமும், சிறுத்தையும், மான் கூட்டங்களும், வல்லூறுகளும் வாழ்கின்றன. அவற்றைக் காணப் பல நாட்டினரும் அங்கே பயணம் செய்கின்றனர்.

வேட்டைக்காரரால் அழிந்துகொண்டிருந்த ஜெம்ஸ்பாக் என்னும் நீண்ட கொம்புடைய மானைக் காக்கும் பொருட்டுத் தென்னாப்பிரிக்க அரசு 1931-இல் இங்கு ஒரு தேசியப் பூங்காவை நிறுவியது. அண்டை நாடாகிய போட்ஸ்வானாவும் தன் பக்கத்தில் ஒரு காப்பகத்தை ஏற்படுத்தியது. இரு நாடுகளுக்கும் எல்லையாக அமைந்தது நொசோப் என்னும் வறண்ட ஆற்றுப்படுகை. அதன்மேல் வேலி கிடையாது. 1999-இல் இரு அரசுகளும் ஒப்பந்தம் செய்துகொண்டு, இரண்டு பூங்காக்களையும் ஒன்றாக்கின. 2000-ஆம் ஆண்டு மே 12-ஆம் நாள் இரு நாட்டுக் குடியரசுத் தலைவர்களும் கூடி அதனைத் திறந்துவைத்தனர். ஏறத்தாழ 38,000 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள இப்பூங்கா, கேரள மாநிலத்தின் அளவினது. மானும் சிங்கமும் எவரிடமும் அனுமதி கேளாமல் ஒரு நாட்டிலிருந்து மறு நாட்டிற்குச் சென்றுவருகின்றன.

இங்கு ஆறுகள் உண்டு; அவற்றில் நீர் ஓடுவதுதான் மிக அரிது. ஆகவே விலங்குகளின் உயிர், ஆற்றுப்படுகைகளிலுள்ள ஆழ்துளைக் கிணறுகளைச் சார்ந்துள்ளது. அவற்றின் வரலாறு வியப்பிற்குரியது. 1914-இல் முதல் உலகப் போர் மூண்டபோது, ஜெர்மானியர் ஆட்சியிலிருந்த தென்மேற்கு ஆப்பிரிக்காவின்மீது படையெடுக்கும் வீரர்களுக்காக அவோப் ஆற்றுப்படுகை நெடுகிலும் கிணறுகள் தோண்டப்பட்டன. போர் முடிந்தது, படைகள் கலைந்தன. கொல்லச் செல்வோர்க்காகத் தேடப்பட்ட நீர், பின்னாளில் வாயில்லாப் பிராணிகளின் தாகம் தீர்ப்பதாயிற்று.

நீர் கிடைக்காத காலத்திலும் பிழைக்கும் வழியை அவ்வுயிர்கள் அறிந்துள்ளன. தர்ப்பூசணியின் இனத்தைச் சேர்ந்த சம்மா என்னும் காட்டுக்காயைத் தின்றும், மண்ணைக் கிளறி வேர்களை உண்டும் ஜெம்ஸ்பாக் தன் தாகத்தைத் தணித்துக்கொள்கிறது. தூக்கணாங்குருவியின் இனமாகிய ஒரு சிறு பறவை, முள்மரங்களின்மேல் வைக்கோற்போர் போன்ற பெருங்கூட்டைக் கட்டுகிறது. ஒரே கூரையின்கீழ் பல குடும்பங்கள். தலைமுறை தலைமுறையாக அதே வீடு! பகல் வெப்பமும் இரவுக் குளிரும் அக்கூட்டினுள் அவற்றை வருத்துவதில்லை.

இனி, அங்குச் செல்வோர் தங்கும் வசதியைப் பார்ப்போம். தென்னாப்பிரிக்கப் பகுதியில் ட்வீ ரிவீரன், நொசோப், மாட்டா மாட்டா என மூன்று பெரிய முகாம்கள் உள்ளன. இவை வேலியிடப்பட்டவை, கடையும் எரிபொருளும் உண்டு. இவையன்றி, வேலியே இல்லாத சிறு முகாம்களும் மணல்மேடுகளுக்கிடையே அமைந்துள்ளன. இரவில் குடிலின் வாசல்வரை சிங்கம் வந்துபோகலாம். போட்ஸ்வானாப் பகுதியில் தங்குவோர் குடிநீரையும் உணவையும் உடன் கொண்டுசெல்ல வேண்டும். சூரியன் மறையுமுன் முகாமுக்குத் திரும்புதல், மணிக்கு 50 கிலோமீட்டருக்கு மேல் வண்டியோட்டாதிருத்தல், குறித்த இடங்களிலன்றி வண்டியைவிட்டு இறங்காதிருத்தல் ஆகியன கண்டிப்பான விதிகள். கோடையில் வெப்பம் 40 பாகையைக் கடக்கும். குளிர்கால இரவுகளில் நீர் உறையும். யானையையும் காட்டெருமையையும் காண விரும்புவோர்க்கு இது ஏற்ற இடமன்று. பொறுமையோடு காத்திருப்போர்க்கே இப்பாலை தன் செல்வத்தைக் காட்டும்.

ஆனால், இந்நிலத்தில் விலங்குகள் மட்டுமா வாழ்ந்தன? பன்னெடுங்காலமாக வில்லும் அம்பும் கொண்டு வேட்டையாடி, கிழங்கும் காயும் சேகரித்து வாழ்ந்த கோமானி சான் என்னும் மக்கள் இதன் பழங்குடிகள். பூங்கா அமைந்தபின் அவர்களின் வேட்டை குற்றமாயிற்று. 1936-இல் ஜோகன்னஸ்பர்க் நகரில் நடந்த பேரரசுப் பொருட்காட்சியில், அவர்களுள் ஒரு குழுவினர் வேடிக்கை பார்ப்போர் முன் நிறுத்தப்பட்டனர். பின்னர் அவர்கள் படிப்படியாகப் பூங்காவிலிருந்து வெளியேற்றப்பட்டு, பண்ணைகளிலும் சிற்றூர்களிலும் கூலிகளாகச் சிதறினர். மானைக் காக்க எழுந்த சட்டம், மானோடு வாழ்ந்த மனிதனை மறந்தது.

நிறவெறி ஆட்சி 1994-இல் ஒழிந்த பின்னரே அவர்கள் தம் நிலத்திற்கு உரிமை கோர முடிந்தது. 1999 மார்ச்சு 21-ஆம் நாள் அக்கோரிக்கை ஏற்கப்பட்டது. பூங்காவுக்கு வெளியே பண்ணைகள் அளிக்கப்பட்டன. பூங்காவுக்குள்ளும் சான் மக்களுக்கும், அவர்களைப் போன்றே நிலமிழந்த மியர் சமூகத்தாருக்கும் தலா ஏறத்தாழ 25,000 ஹெக்டேர் உரிமையாயிற்று. அந்நிலத்தில் இரு சமூகத்தாரும் உடைமையாளராயிருக்க, 2007-இல் கௌஸ் என்னும் விடுதி திறக்கப்பட்டது. அவர்தம் மொழியில் அச்சொல்லுக்கு இதயம் என்று பொருள். மணலில் பதிந்த சுவட்டைப் படிக்கும் முன்னோரின் கலையை, அங்கு வரும் விருந்தினர்க்கு அவர்களே கற்றுத்தருகின்றனர். அன்று காட்சிப்பொருளாய் நிறுத்தப்பட்டவரின் வழித்தோன்றல்கள் இன்று வீட்டுக்குரியவராய் நின்று வரவேற்கின்றனர்.

நிலம் திரும்பியதாலேயே வறுமை நீங்கிவிடவில்லை. வேலையின்மையும் குடிப்பழக்கமும் அம்மக்களை இன்னும் வாட்டுகின்றன. எனினும், இழந்த மாண்பை மீட்கும் முதற்படி அது.

வாசகர்களே, நம்மில் எத்துணைப் பேர் கலகாடிக்குச் செல்வோம்? ஆனால் நாமும் ஏதேனும் ஓரிடத்திற்குச் சுற்றுலா செல்பவர்களே. எங்குச் சென்றாலும், இது யாருடைய வீடு என்னும் வினா நம் மனத்தில் எழட்டும். அவர்களைப் படமெடுக்குமுன் அவர்களோடு பேசுவோம். நாம் செலவிடும் பணத்தில் அவர்களுக்கு உரிய பங்கு சேருமாறு பார்த்துக்கொள்வோம். விலங்குகளுக்காக எல்லைவேலியைத் தவிர்க்க முடிந்த மனிதன், மனிதருக்காகவும் அவ்வாறு செய்யக் கற்றுக்கொள்ளட்டும்.