ஒலி மாற்றிகளை ஒப்பிடுவது எவ்வாறு?

குறுந்தகட்டிலும் கணினியிலும் கைப்பேசியிலும் சங்கீதம் எண்களின் வடிவிலேயே சேமித்து வைக்கப்படுகிறது. 1982-ஆம் ஆண்டு விற்பனைக்கு வந்த குறுந்தகட்டில், ஒலியலையின் உயரம் விநாடிக்கு 44,100 முறை அளக்கப்பட்டு, ஒவ்வோர் அளவும் 65,536 படிகளுள் ஒன்றாகக் குறிக்கப்படுகிறது. இவ்வெண்களை மீண்டும் தொடர்ச்சியான மின்னலையாக்கிப் பெருக்கிக்கு அளிக்கும் சாதனமே டிஜிட்டல்-அனலாக் மாற்றி ஆகும். வணிகர் இதனை ‘டாக்’ எனச் சுருக்கி அழைப்பர். சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் மாற்றியும் உண்டு. பல லட்சம் ரூபாய் விலையுள்ளதும் உண்டு. இவற்றுள் எது சிறந்தது என்று வீடுகளில் வழங்கப்படும் தீர்ப்புகளிற் பல, சோதனை என்னும் பெயருக்கே உரியவை அல்ல.

பெங்களூரின் நீலசந்திராப் பகுதியில், வீடுகள் நெருங்கி அமைந்த ஒரு தெருவில், நண்பர் இருவர் இரு மாற்றிகளை ஒப்பிடுவதாகக் கொள்ளலாம். ஒன்று பழையது, மற்றது அன்று வாங்கியது. பழையதில் ஒரு கீர்த்தனையைக் கேட்டபின், கம்பிகளைக் கழற்றி மாற்றிப் புதியதில் அதனையே கேட்கின்றனர். வீணையின் நாதம் இப்போது தெளிவாக இருக்கிறது என்று இருவரும் ஒருமனதாகக் கூறுகின்றனர். அவர்கள் பொய் கூறவில்லை. வேறுபாட்டை மெய்யாகவே உணர்ந்தனர். ஆயினும் அவ்வேறுபாடு மாற்றியினால் விளைந்தது என்பதற்கு ஆதாரம் இல்லை.

இதற்குக் காரணங்கள் மூன்று. முதலாவது, ஒலியின் அளவு. ஒரு மாற்றி 2 வோல்ட்டும் மற்றது 2.2 வோல்ட்டும் அளிக்குமாயின், இரண்டிற்கும் இடையே ஏறத்தாழ 0.8 டெசிபெல் வேறுபாடு உண்டு. இத்துணைச் சிறிய ஏற்றம் ‘உரத்த ஒலி’ என்று தோன்றுவதில்லை. ‘தெளிந்த ஒலி’ என்றே தோன்றும். இரண்டாவது, நினைவு. ஒலியின் நுண்ணிய தன்மையைப் பற்றிய நினைவு சில விநாடிகளிலேயே மங்கத் தொடங்குகிறது; கம்பி மாற்றுவதற்கோ நிமிடங்கள் ஆகின்றன. மூன்றாவது, எதிர்பார்ப்பு. விலையையும் பெயரையும் அறிந்தவனின் செவி அவ்வறிவை விலக்கிவிட்டுக் கேட்பது இயலாத காரியம்.

இக்குறைகளை நீக்கும் வழி கடினமானதன்று. இரு மாற்றிகளுக்கும் ஒரே பதிவு, ஒரே பெருக்கி, ஒரே ஒலிபெருக்கி, ஒரே இருக்கை அமைய வேண்டும். 100 அல்லது 200 ஹெர்ட்ஸ் அதிர்வுள்ள ஒரே சீரான ஒலியைச் செலுத்தி, இரண்டின் மின்னழுத்தத்தையும் மல்ட்டிமீட்டரால் அளந்து, நூற்றில் ஒரு பங்குக்கு மேல் வேறுபடாதவாறு சமப்படுத்த வேண்டும். இதற்குரிய மீட்டரை எஸ்.பி. ரோடு கடைகளில் வாங்கலாம். ஆனால் மாறுமின்னோட்டப் பகுதியில் 200 வோல்ட்டே மிகக் குறைந்த எல்லையாக உள்ள மலிவான மீட்டர் 0.1 வோல்ட்டுக்குக் குறைந்த வேறுபாட்டைக் காட்டாது. அது இப்பணிக்கு உதவாது. ஒன்றிலிருந்து மற்றதற்கு உடனே மாறுவதற்கு ஒரு சுவிட்சும் தேவை.

அடுத்து, பெயரை மறைக்க வேண்டும். 1950-ஆம் ஆண்டிலேயே பெல் ஆய்வகத்தைச் சேர்ந்த மன்சன், கார்ட்னர் என்னும் இருவர் இதற்கு ஒரு முறையை வெளியிட்டனர். ‘அ’, ‘ஆ’ என்னும் இரு ஒலிகளைக் கேட்பித்தபின், அவற்றுள் ஒன்றையே பெயர் கூறாது மீண்டும் கேட்பித்து, அது எது என்று வினவுவதே அம்முறை. எதனைக் கேட்பிப்பது என்பதை நாணயம் சுண்டித் தீர்மானிக்கலாம். சுவிட்சை இயக்குபவர் திரைக்குப் பின்னால் மௌனமாக இருத்தல் அவசியம். அவர் முகக்குறிப்பும் விடையை வெளிப்படுத்திவிடக் கூடும். 16 முறை வினவி, 12 முறையேனும் சரியான விடை பெற வேண்டும். வெறும் ஊகத்தினால் அத்தனை விடைகள் சரியாக அமைவதற்கான வாய்ப்பு நூற்றில் நான்குக்கும் குறைவு.

இத்தகைய சோதனையில் பல பெருமைகள் நிலைத்து நிற்பதில்லை. 2007-ஆம் ஆண்டு அமெரிக்காவில் மேயர், மோரன் என்போர் வெளியிட்ட ஆய்வு இதற்குச் சான்று. உயர்தரப் பதிவின் ஒலியை நேராகவும், குறுந்தகட்டின் அளவுக்கு எண்ணாக்கி மீண்டும் ஒலியாக்கியும் கேட்பித்ததில், 554 விடைகளுள் 276 மட்டுமே சரியாயின. அதாவது ஏறத்தாழப் பாதி. நாணயம் சுண்டியிருந்தாலும் அதுவே கிட்டியிருக்கும்.

சோதனையின் பரபரப்பில் நுண்ணிய வேறுபாடு மறைந்துவிடும் என்று சிலர் மறுப்பர். பரபரப்பு வேண்டியதில்லை. மாற்றிகளைத் துணியால் மூடி, சொந்த வீட்டில் பல நாள் ஓய்வாகக் கேட்டுத் தீர்ப்பளிக்கலாம். பெயர் மறைந்திருப்பது ஒன்றே நிபந்தனை. 12 விடைகள் கிட்டாமற் போனால் இரண்டும் ஒன்றே என்று நிரூபணமாகிவிடாது. வேறுபாடு உண்டு என்ற கூற்று நிலைநாட்டப்படவில்லை என்பதே பொருள். குறையுள்ள மாற்றியின் இரைச்சலை இம்முறையே வெளிப்படுத்தவும் செய்யும். மின்விசிறியும் தெரு வாகனங்களும் ஒலிக்கும் அறையில் அவ்விரைச்சலும் கேளாமற் போகலாம் என்பதை நினைவிற் கொள்ளுதல் நலம்.

இது செவியை இழிவுபடுத்தும் முறையன்று. மிருதங்கத்தின் நாதம் சுருதியோடு இசைவதை வித்துவான்கள் நெடுங்காலமாகச் செவியால் அறிந்திருந்தனர். கரணை பூசிய தோலின் மீது மணலைத் தூவி, அதன் அதிர்வுகளை ஆராய்ந்து, சர் சி. வி. ராமன் அதற்குக் காரணம் காட்டினார்; 1934-இல் அவர் பெங்களூரில் நிறுவிய இந்திய விஞ்ஞான அகாதமியின் வெளியீட்டிலேயே அவ்வாராய்ச்சியும் இடம்பெற்றது. செவியின் சாட்சியம் பரிசோதனைக்கு உட்பட்டபோது அதன் மதிப்பு உயர்ந்ததேயன்றித் தாழவில்லை.

மாற்றிக்குச் செலவாவது குடும்பத்தின் பணம். வேறுபாடு கேட்குமாயின் அதற்கு விலை கொடுப்பது உரியவர் விருப்பம். கேளாத ஒன்றுக்குக் கடன்படுவது வீண். பள்ளி ஆசிரியர் ஒரு மீட்டரையும் ஒரு திரையையும் கொண்டு இச்சோதனையை மாணவரிடையே நடத்தலாம். புதிய விதையையும் உரத்தையும் கிராமங்களில் ஒப்பிட்டுக் காட்டும் களப்பணியாளருக்கும் விதி இதுவே: ஒன்றைத் தவிர ஏனைய யாவும் சமமாக இருத்தல் வேண்டும், தீர்ப்பு முடியும் வரை பெயர் தெரிதல் கூடாது.