இறுக்கம் வேறு, பொருத்தம் வேறு

போன விடுமுறையில் ராசிபுரத்தில் ஒரு லேத் பட்டறையில் வேலை பழகினேன். போதமலை அடிவாரத்துப் பெரியவர் ஒருவர் சாக்கில் சுற்றி நாட்டுத் துப்பாக்கிக் குழல் கொண்டு வந்தார். எங்கேயோ ரீபோர் செய்தது. "குண்டு இறங்கவே மாட்டேங்குது தம்பி, இன்னும் கொஞ்சம் கடைஞ்சு விடு" என்றார்.

லாரி இன்ஜினை ரீபோர் செய்தால் 0.5 மி.மீ. பெரிய பிஸ்டன் போடுகிறோம். அதிலும் இடைவெளி உண்டு. வாய்வழி கெட்டிக்கும் குழலில் ஈயக் குண்டு துளையைவிடச் சிறிதாக இருக்கணும். மீதியைத் துணித்துண்டு அடைக்கும். இறுக்கமான குண்டு பாதியில் நின்றால் மருந்துக்கும் குண்டுக்கும் நடுவே வெற்றிடம். சுட்டால் குழலே வெடிக்கலாம். மேலும் கடைந்தால் சுவர் இன்னும் மெலியும். போவது கண்ணும் கையும்!

"லைசென்ஸ் இருக்குங்களா?" என்றேன். பதில் இல்லை. அவரிடம் இருந்தாலும், 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் 5ஆம் பிரிவுப்படி பழுது பார்க்கும் பட்டறைக்கும் தனி லைசென்ஸ் வேண்டும். 'கூலி வருது, உனக்கென்ன?' என்பார்கள். மைக்ரோமீட்டர் பிடிக்கத் தெரிந்த நாம் முடியாது என்று சொல்லாவிட்டால் வேறு யார் சொல்வது?

பெரியவர் முறைத்துக்கொண்டே போனார். பட்டறைக்காரருக்கு என்மேல் இன்னும் கோபம்தான்.