வரி முடியும், வண்டி வந்திருக்காது



ஒரு சின்னக் கணக்கு பார்ப்போம். பார்ட் ரயிலை சான் ஹோசேக்குக் கொண்டுவருவோம் என்பதை முன்னால் வைத்து, 2000 நவம்பரில் சாந்தா கிளாரா கவுண்டியில் ஒரு விற்பனை வரிக்கு வாக்கு கேட்டார்கள். டாலருக்கு அரை சென்ட், 30 வருஷத்துக்கு. மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் மக்கள் ஆதரித்தார்கள். 2006 ஏப்ரலில் வசூல் ஆரம்பித்தது, 2036 மார்ச்சில் முடிகிறது. நகர மையத்துக்கு ரயில் எப்போ வரும்? கவுண்டியின் போக்குவரத்து நிறுவனமான விடிஏ 2024-இல் சொன்ன மதிப்பீட்டின்படி 2037 வாக்கில். 30 வருஷம் வரி கட்டி முடித்த பிறகும் காத்திருக்க வேண்டியதுதான்.

"பெரிய வேலைன்னா நேரம் ஆகத்தான் செய்யும்" என்பார்கள். ஆனால் இந்தத் தாமதத்தின் முதல் பகுதிக்குப் பொறியியல் காரணமே கிடையாது. 1957-இல் பார்ட் அமைப்பு உருவானபோது இந்தக் கவுண்டியின் நிர்வாகக் குழு சேர மறுத்தது. விரைவுச்சாலை போட்டால் போதும் என்று முடிவு செய்தது. 1972-இல் ஓட ஆரம்பித்த ரயில் ஃப்ரீமான்ட்டோடு நின்றது. மில்பிட்டாஸ், பெர்ரியெஸ்ஸா நிலையங்கள் திறந்தது 2020-இல். மிச்சம் 6 மைல், 4 நிலையம், அதில் பெரும்பகுதி சுரங்கம். 470 கோடி டாலர் என்று போட்ட செலவு இப்போ சுமார் 1,270 கோடி.

சுரங்க ரயில் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அதைச் சொல்ல வலதுசாரிகள் இருக்கிறார்கள். இந்தப் பல பத்தாண்டுக் காத்திருப்புக்கு யார் விலை கொடுக்கிறார்கள் என்பதுதான் நம்ம கேள்வி.

முதலில் வரி. கலிஃபோர்னியாவில் அரிசி, பருப்புக்கு விற்பனை வரி இல்லை. ஆனால் செருப்புக்கு உண்டு, ரைஸ் குக்கருக்கு உண்டு, ஹோட்டலில் சூடாக வாங்கும் இட்லிக்கும் உண்டு. ஒரு ஜோடி செருப்புக்கு கம்பெனி அதிகாரியும் அந்த ஆபீஸைக் கூட்டுகிறவரும் ஒரே வரிதான் கட்டுகிறார்கள். சம்பளம் ஒன்றில்லையே.

அடுத்தது பஸ். சுரங்கத்தைக் கட்டுவதும் விடிஏ, பஸ்ஸை ஓட்டுவதும் விடிஏ. டாட்-காம் சரிவில் வரி வருமானம் விழுந்தபோது பஸ் சேவையைக் குறைத்தார்கள். பார்ட் கனவு மட்டும் அப்படியே நின்றது. 2025 மார்ச்சில் விடிஏ ஓட்டுநர்கள் இரண்டு வாரத்துக்கும் மேல் வேலைநிறுத்தம் செய்தபோது கவுண்டியின் பஸ்ஸும் லைட் ரயிலும் நின்றுபோயின. இந்த ஊரை இன்றைக்கு யார் ஓட்டுகிறார்கள் என்று அப்போ தெரிந்தது.

மூன்றாவது நிலம். டிரிடான் நிலையத்துக்குக் கீழே சுரங்கம் தோண்டுவதற்கு முன்பே சுற்றியுள்ள நிலம் கைமாறிவிட்டது. 2018 டிசம்பரில் சான் ஹோசே நகராட்சி அங்கே இருந்த பொது நிலத்தை கூகுளுக்கு விற்றது. கூட்டத்திலேயே போராட்டக்காரர்கள் நாற்காலியோடு சங்கிலியால் தங்களைப் பிணைத்துக்கொண்டார்கள். 2021-இல் அனுமதி கிடைத்த அந்தத் திட்டத்தை 2023-இல் கூகுள் நிறுத்தி வைத்தது. கம்பெனியால் காத்திருக்க முடியும். வாடகைக்கு இருக்கிற குடும்பத்தால் முடியாது. கிழக்கு சான் ஹோசேயில் 28ஆவது தெரு நிலையம் திறக்கிற நாளில், இன்று அங்கே வாழும் லத்தீனோ, வியட்நாமியத் தொழிலாளர் குடும்பங்கள் எத்தனை மிச்சம் இருக்கும்?

இதை மாற்ற முடியாது என்று யாராவது சொன்னால் 2016-ஐ நினைவூட்டுங்கள். அந்த வருஷம் இன்னொரு அரை சென்ட் வரி வந்தபோது, மவுண்டன் வியூ, கூப்பர்டினோ போன்ற வசதியான நகரங்கள் பார்ட்டே எல்லாப் பணத்தையும் விழுங்கக் கூடாது என்று அழுத்தம் கொடுத்தன. வருமானத்தில் 25 சதவீதத்துக்கு மேல் பார்ட்டுக்குப் போகக் கூடாது என்று எழுத்திலேயே வாங்கினார்கள். வசதியான ஊர்களுக்கு எழுதித் தர முடிந்தது பஸ் பயணிகளுக்கு ஏன் முடியாது?

அடுத்த வாய்ப்பு தூரத்தில் இல்லை. 2025-இல் சட்டமான எஸ்.பி. 63, பே ஏரியாவின் ஐந்து கவுண்டிகளில் 14 வருஷத்துக்கு ஒரு போக்குவரத்து வரியை 2026 நவம்பரில் வாக்குக்கு வைக்க வழி செய்திருக்கிறது. நான் ஆதரிக்கிறேன்; பார்ட்டும் பஸ்ஸும் பணமில்லாமல் முடங்கினால் அடி வாங்குவது யார் என்று தெரியும். ஆனால் ஆதரவைச் சும்மா கொடுக்க வேண்டாம். விடிஏ-வுக்கு வரும் பங்கிலிருந்து பஸ் சேவைக்கு இவ்வளவு என்று எழுத்தில் வேண்டும். புது நிலையங்களைச் சுற்றி வாடகைப் பாதுகாப்பு ரயிலுக்கு முன்னால் வர வேண்டும்.

நமக்கு இதில் தனிப் பொறுப்பு ஒன்று இருக்கிறது. சன்னிவேல் பக்கம் எத்தனையோ அண்ணன்மார், அக்காமார் ஹெச்-1பி விசாவில் பத்தாண்டுக்கும் மேலாக கிரீன் கார்டு வரிசையில் நிற்கிறார்கள். ஒவ்வொரு ரசீதிலும் இந்த வரியைக் கட்டுகிறார்கள். வாக்கு மட்டும் கிடையாது. இங்கே பிறந்த நமக்கு அது இருக்கிறது. விடிஏ நிர்வாகக் குழுவின் கூட்டங்களில் யார் வேண்டுமானாலும் பேசலாம், அதற்குக் குடியுரிமை கேட்க மாட்டார்கள். அவர்களையும் கூட்டிக்கொண்டு போவோம், பஸ்ஸில் போவோம்.