கொய்யா சந்தைக்கு, டானிக் வீட்டுக்கு

பழநியை அடுத்த ஆயக்குடிப் பகுதியிலிருந்து கொய்யா பெட்டி பெட்டியாக வெளியூர்களுக்குப் போகிறது. முருங்கையும் கீரையும் எலுமிச்சையும் இப்படியே ஊருக்கு ஊர் லாரி ஏறுகின்றன. விற்ற பணத்தில் மருந்துக் கடையில் சத்து டானிக் வாங்கிக் கொண்டு வீடு திரும்பும் விவசாயிகளும் உண்டு. விற்ற சரக்கிலேயே இருந்த சத்தைப் பாட்டிலில் விலைக்கு வாங்கும் இந்த வியாபாரத்தில் நஷ்டம் யாருக்கு என்று கணக்குப் பார்ப்பது நல்லது.

ஆடும் மாடும் தமக்கு வேண்டிய வைட்டமின் 'சி'யைத் தம் ஈரலிலேயே உண்டாக்கிக் கொள்கின்றன. மனிதனுக்கு அந்த வசதி இல்லை. உணவிலிருந்துதான் வர வேண்டும்; அதிகமாகச் சேர்த்து வைத்துக் கொள்ளவும் உடலால் முடியாது. ஐதராபாத்திலுள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2020ஆம் ஆண்டு வெளியிட்ட பரிந்துரைப்படி, நாளொன்றுக்கு ஆணுக்கு 80 மில்லிகிராமும் பெண்ணுக்கு 65 மில்லிகிராமும் தேவை. 100 கிராம் கொய்யாவில் சுமார் 200 மில்லிகிராம் இருக்கிறது. நடுத்தரமான ஒரு பழமே ஒரு நாளைக்குப் போதும். நெல்லியில் இதைவிடவும் அதிகம். ஆரஞ்சில் கொய்யாவில் உள்ளதில் கால் பங்குதான். ஆப்பிளிலோ மிகச் சொற்பம். ஆனாலும் காய்ச்சலில் கிடப்பவரைப் பார்க்கப் போகிறவர் ஆப்பிள் வாங்கிப் போனால்தான் கௌரவம். கொய்யா கொண்டு போனால் கஞ்சன் என்பார்கள்.

வைட்டமின் 'சி' குறைந்தால் ஈறில் இரத்தம் கசியும், புண் ஆறாது. கப்பல் மாலுமிகளைக் கொன்ற இந்நோய் எலுமிச்சை, ஆரஞ்சுப் பழங்களால் தீரும் என்பதை 1747இல் ஜேம்ஸ் லிண்ட் என்ற மருத்துவர் சோதித்துக் காட்டினார். கிராமத்தில் இன்று முக்கியமான பிரச்னை அதுவல்ல, இரத்தசோகை. 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுவரையுள்ள பெண்களில் பாதிப் பேருக்கு மேல் இரத்தசோகை இருந்தது. ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகளின் நிலையும் அதுதான்.

இரும்புச் சத்து கம்பிலும் கேழ்வரகிலும் பருப்பிலும் கீரையிலும் இருக்கத்தான் செய்கிறது. ஆனால் தானியத்திலும் கீரையிலும் உள்ள இரும்பில் சிறு பகுதியைத்தான் குடல் உறிஞ்சுகிறது. அதே வேளை உணவில் வைட்டமின் 'சி' சேர்ந்தால் அந்த இரும்பு உறிஞ்சப்படும் வடிவத்துக்கு மாறுகிறது. தேநீரோ இதற்கு நேர் எதிர். அதிலுள்ள துவர்ப்புப் பொருள் இரும்பைப் பிடித்து வைத்துக் கொள்கிறது. காலையில் கம்பங்கூழ் குடித்துவிட்டு உடனே டீ குடித்தால் கூழின் இரும்பில் பெரும்பகுதி வீணாகிறது. கூழுக்கு ஒரு நெல்லிக்காயைக் கடித்துக் கொண்டு, டீயை ஒரு மணி நேரம் தள்ளிப் போட்டால், செலவில்லாமலே பலன் கிடைக்கும். ஆரம்ப சுகாதார நிலையத்தில் தரும் இரும்பு மாத்திரைக்கும் இது பொருந்தும்; டீயோடு விழுங்காமல் எலுமிச்சைச் சாறு கலந்த தண்ணீரோடு விழுங்கலாம். கொய்யா தின்கிறோம் என்று மாத்திரையை நிறுத்திவிடக் கூடாது.

சமையலிலும் கவனம் வேண்டும். வைட்டமின் 'சி' நீரில் கரைவது, சூட்டில் அழிவது. கீரையை நறுக்கிய பின் அலசினால் சத்து தண்ணீரோடு போகும். அலசிய பின் நறுக்கி, கொஞ்ச நேரமே வேகவிட்டு, வெந்த நீரைக் கொட்டாமல் பயன்படுத்த வேண்டும். எலுமிச்சையை அடுப்பிலிருந்து இறக்கிய பிறகு பிழிவதே சரி. முருங்கைக் கீரையில் கண்ணுக்கு வேண்டிய 'ஏ' சத்தும் ஏராளம். அது உடலில் சேரக் கொஞ்சம் எண்ணெய் வேண்டும்.

அளவுக்கு மேல் மாத்திரை விழுங்கினால் சளியே பிடிக்காது என்ற நம்பிக்கை 1970இல் லைனஸ் பாலிங் என்ற விஞ்ஞானி எழுதிய புத்தகத்தால் பரவியது. பின்னர் நடந்த சோதனைகள் அதை மெய்ப்பிக்கவில்லை. தினமும் சாப்பிட்டு வந்தவர்களுக்குச் சளி சற்றுச் சீக்கிரம் விட்டது, அவ்வளவே. மிகுந்ததெல்லாம் சிறுநீரில் போகிறது. அளவு மீறினால் வயிற்றுப்போக்கும் உண்டு.

தோட்டக்கலைப் பயிற்சிகளில் பேசப்படுவது ரகம், மகசூல், விலை. பறித்த பெண் எத்தனை பழம் தின்றாள் என்று யாரும் கேட்பதில்லை. பெரும்பாலான வீடுகளில் கடைசியாகச் சாப்பிடுகிறவளும் அவள்தான். தரம் பிரிக்கும்போது ஒதுக்கப்படும் சிறு பழத்திலும் கோணல் பழத்திலும் சத்து குறைவதில்லை. அவற்றை அடிமாட்டு விலைக்குத் தள்ளுவதைவிட வீட்டுக்கு எடுத்து வைப்பதே இலாபம். மானியக் கன்று தரும் துறையினரும், வீட்டுத் தேவைக்கென்று தனியே இரண்டு நெல்லி, ஒரு கொய்யா சேர்த்துத் தர வேண்டும். நெல்லி இரண்டு வேறு ரகமாக இருக்கட்டும். தனி மரமாக நின்றால் பல ரகங்களில் காய்ப்பிடிப்பு குறைகிறது. முருங்கைக்குத் துறையை எதிர்பார்க்க வேண்டியதில்லை. பக்கத்து வீட்டில் ஒரு போத்து வெட்டிப் பாத்திரம் கழுவும் தண்ணீர் ஓடுகிற இடத்தில் நட்டால் போதும்.